கிரேன்காரரின் ஒன்றரை மாத்திரை

தரையிலிருந்து கிரேன் கேபின் அறுபத்திரண்டு மீட்டர் உயரம். ஏணியில் இருநூற்றாறு படிகள். காலை ஐந்தேமுக்காலுக்குக் கிரேன்காரர் முதல் படியில் கால் வைத்தால் ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வழியில் மூன்று இடங்களில் மூச்சு வாங்க நிற்பார். மூன்றாவது இடத்தில் நிற்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கீழே இருப்பவர்களுக்கு அந்த இடம் தெரியாது.

வயது ஐம்பத்து நான்கு, எடை தொண்ணூற்றாறு கிலோ, கிரேனில் இருபத்தாறு வருடம். கட்டட வேலையிடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மேல இருக்கறவரு" என்பார்கள். சாரம் கட்டுகிறவர்களுக்கு இதில் தீராத வேடிக்கை. கம்பிக் கட்டு வரத் தாமதமானால் ஒருவன் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "மேல இருக்கறவரு மனசு வைக்கணும்" என்பான். வாக்கிடாக்கியில் அது அவர் காதுக்கும் போகும்.

"வரம் வேணும்னா வரிசையில நில்லு" என்று மேலேயிருந்து பதில் வரும்.

அன்றைய நாளில் அவர் பேசும் மிக நீளமான வாக்கியம் அநேகமாக அதுதான். மற்றதெல்லாம் கேட்பது. ஏத்து. இறக்கு. இடது. மெல்ல. நிறுத்து. கீழே நின்று சிக்னல் கொடுப்பவள் முப்பத்தொரு வயதுப் பெண். தரையில் பார்த்தால் "சாப்டாச்சா அண்ணே, கால் வலி எப்படி இருக்கு அண்ணே" என்று அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவள், வாக்கியைக் கையில் எடுத்தால் ஒருமைதான். "நிறுத்துங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டன் கான்கிரீட் ஒரு சாண் இறங்கிவிடும் என்று முதல் நாளே அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "மேல இருக்கும்போது நான் உனக்கு அண்ணன் இல்லம்மா. மெஷின். மெஷினுக்கு எதுக்கு மரியாதை?"

கேபின் ஒரு ஆள் நீட்டிப் படுக்க முடியாத அளவு. காலடியில் கண்ணாடி. இடது பக்கம் எடை அட்டவணை ஒட்டியிருக்கும்: கோபுரத்துக்கு அருகே என்றால் எட்டு டன் வரை தூக்கலாம், கிரேனின் கை நீள நீள எடை குறைந்துகொண்டே வந்து கடைசி முனையில் ஒன்றரை டன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். அந்த அட்டவணை சொல்வதிலும் பத்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் தூக்குவார். தண்ணீர் பாட்டில் ஒன்று. இன்னொரு பாட்டிலும் உண்டு, அது எதற்கென்று கேட்கக் கூடாது. ஒரு தடவை இறங்கி ஏற அரை மணி நேரம் ஆகும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தூக்கம் போனது ஏறக்குறைய இருபது மாதங்களுக்கு முன்னால்.

அப்போதுதான் அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போனார். பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று பேச்சு. ரயிலேற்றி விட்டு வரும்போது, மூன்று மாதம் சமையலறை முழுக்கத் தனக்குத்தான் என்று ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. பிறகு குழந்தைக்கு வயிறு சரியில்லை. பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். பிறகு இரண்டாவது குழந்தை. யாரும் சண்டை போடவில்லை, யாரும் முடிவும் எடுக்கவில்லை, மனைவியின் குளிர்கால உடுப்புகள் மட்டும் இரண்டு பார்சலாக அங்கே போய்ச் சேர்ந்தன.

தினமும் இரவு ஏழரைக்கு போன் வரும். ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள். பேரன் கத்துவான், பாத்திரம் விழும், மகள் "அப்பா நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே வேறு அறைக்குப் போவாள், மனைவி "சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க" என்பார். ஏழேமுக்காலுக்கு முடியும். எட்டு மணிக்கு அவர் படுத்துவிடுவார்.

எட்டிலிருந்து காலை நாலேகால் வரை எட்டேகால் மணி நேரம். அதில் கிடைத்த தூக்கம் துண்டு துண்டாக நான்கு மணி நேரம், ஐந்து கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. போனில் மனைவியிடம் சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தார். "பால் சூடா குடிச்சிட்டுப் படுங்க" என்றார் மனைவி. பின்னாலிருந்து மகள், "அப்பா, படுக்கையில போன் பாக்காதீங்க" என்று கத்தினாள். அவர் படுக்கையில் போன் பார்ப்பதில்லை. அதில் அவருக்கு வருவதே அந்த ஒரு அழைப்புதான்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருந்துக்கடை. வாசலை ஒட்டி, மருத்துவர் சீட்டு இல்லாமலே நாமே எடுத்துக்கொள்ளும் பொருள்கள் ஒரு அலமாரி முழுக்க. உள்ளே தள்ளி ஒரு கவுண்டர். அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், எதிரே எப்போதும் ஆறேழு பேர். வரிசையில் நின்று ஒரு பெண்மணியிடம் "தூக்கம் வரல" என்று சத்தமாகச் சொல்வதற்கு அவருக்குக் கூச்சம். அலமாரியிலிருந்து எடுத்து வாசலிலேயே காசு கொடுத்து வெளியே வந்துவிடலாம்.

அப்படி வந்தவை: சீமைச்சாமந்திப் பூ டீ, மணம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படுக்கும்போது இரண்டு குவளை குடித்ததால் இரண்டு தடவை கழிவறைக்கு எழுப்பியது. மக்னீசியம் மாத்திரை, வயிறு இளகியது. ஏதோ ஒரு வேரின் குளிகை. மூடியைத் திறந்தால் நாள் முழுக்கப் போட்ட காலுறை வாசம். தலையணையில் தெளிக்க லாவெண்டர் எண்ணெய். கண்ணுக்குக் கட்டும் கறுப்புப் பட்டை. ஏழு கிலோ எடையுள்ள போர்வை ஒன்று, யாரோ அணைத்துக்கொண்டிருப்பது போல் இருக்கும் என்று உறையில் எழுதியிருந்தது. பகல் முழுக்க டன் கணக்கில் தூக்குகிறவர் ராத்திரியில் ஏழு கிலோவுக்கு அடியில் வியர்த்துக் கிடந்தார். அணைத்துக்கொண்டிருப்பது போல் இல்லை. சிமெண்ட் மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது போல்தான் இருந்தது.

கடைசியாக வந்தது ஒரு நீல மாத்திரை. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது, தூக்கத்துக்கென்று தனியாக விற்கிறார்கள். முதல் மூன்று இரவு அடித்துப் போட்டது போல் தூங்கினார். நான்காவது இரவு பாதி. ஒரு வாரத்தில் பழைய கதை.

இந்த இடத்தில்தான் கிரேன்காரர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். பெட்டியில் "பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை" என்று இருந்தது. எந்த எடையுள்ள பெரியவர் என்று போடவில்லை. எடை சொல்லாத அட்டவணை அவருக்குப் புதிது. மனைவி எப்போதோ இதே மாதிரி ஒரு மாத்திரைக்கு அசந்து தூங்கியது நினைவுக்கு வந்தது. மனைவிக்கு ஐம்பத்தெட்டு கிலோ. தனக்குத் தொண்ணூற்றாறு. வகுத்துப் பார்த்தால் ஒன்றரைக்கு மேல் வருகிறது. பாதுகாப்புக்காகக் கொஞ்சம் குறைத்து ஒன்றரை. குறைத்ததில் ஒரு திருப்தியும் இருந்தது. பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. அறுபது மீட்டர் கீழே கிடக்கும் நட்டு அவருக்குத் தெரியும், கையில் இருக்கும் காகிதம் தெரியாது. படிக்கும் கண்ணாடி வாங்கினால் சோதனையில் கண் போய்விட்டது என்று எழுதிவிடுவார்களோ என்று ஒரு பயம் வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் உடல்தகுதிச் சோதனைக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருந்தது. அதில் தேறாவிட்டால் கேபின் இல்லை. கேபின் இல்லாவிட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்?

ஒரு செவ்வாய் இரவு ஒன்றரை மாத்திரை போட்டும் ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. தூக்கிய சரக்கைப் பாதியில் விடக் கூடாது என்று இன்னொன்று போட்டுக்கொண்டார்.

புதன் காலை ஏழு இருபது. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் படிக்கட்டு, இரண்டு டன்னுக்கு மேல். ஒன்பதாவது மாடியில் அதற்கென்று விட்ட இடைவெளியில் உட்கார வைக்க வேண்டும். சிக்னல் பெண் ஓரமாக நின்றாள். கொத்தனார் ஒருவர் அடிமட்டம் பார்க்கக் குனிந்திருந்தார்.

"இறக்கு. இறக்கு. மெல்ல. மெல்ல." பிறகு, "நிறுத்து."

படிக்கட்டு நிற்கவில்லை.

"நிறுத்து! நிறுத்து!"

நின்றது. ஆனால் அதற்குள் இரண்டு சாண் கூடுதலாக இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டது. கொத்தனார் பின்னால் துள்ளி விழுந்திருந்தார். அவர் முழங்கால் ஊன்றியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்த சாப்பாட்டு டப்பா தட்டுபோல ஆகியிருந்தது. யாருக்கும் கீறல் இல்லை.

வாக்கியில் பாதுகாப்பு அதிகாரியின் குரல். எல்லாரும் அவரை "சேஃப்டி" என்றுதான் சொல்வார்கள்.

"ஒன்பதாவது மாடி, என்ன சத்தம் அங்க?"

சிக்னல் பெண் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல சார். காத்து ஒரு தள்ளு தள்ளிடுச்சு. டப்பா ஒண்ணு போச்சு, அவ்வளவுதான்."

கேபினில் காற்றளவு காட்டும் கருவி அசையாமல் இருந்தது. காற்று என்றால் காற்றுதான். சரக்கு ஆடுவது எல்லாரும் பார்த்தது, யாரும் அந்தக் கருவியைப் பார்க்க ஏணியேறி வரப்போவதில்லை. நோட்டில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. நான்கு வாரத்தில் சோதனை. இருபத்தாறு வருடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. காலடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கொத்தனார் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாக்கியின் பட்டனை அழுத்தினார்.

"சார், காத்து இல்ல. அந்தப் பொண்ணு நிறுத்துன்னு சரியாத்தான் சொல்லுச்சு. எனக்கும் கேட்டுச்சு. கைதான் லேட்டா போச்சு."

"ஏன்?"

"ராத்திரி தூக்க மாத்திரை போட்டேன் சார். ரெண்டரை."

பொது அலைவரிசை. சாரத்தில் இருந்தவர்கள், கம்பி கட்டுகிறவர்கள், வாசல் காவலாளி எல்லார் இடுப்பிலும் அது கேட்டது. யாரும் வேடிக்கை செய்யவில்லை.

சேஃப்டி தொண்டையைச் செருமினார். "கொக்கியக் காலி பண்ணிட்டு இறங்குங்க. மெதுவா. ஏணியில கைய விடாதீங்க."

கொக்கியை உயர்த்தினார். சுழல் பிரேக்கைத் தளர்த்தினார். ஆள் இல்லாத நேரத்தில் கிரேனின் கை காற்றோடு தானாகத் திரும்பட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம். பிறகு இருநூற்றாறு படிகள். இந்தத் தடவை ஆறு இடத்தில் நின்றார்.

கீழே கொத்தனார் காத்திருந்தார். திட்டுவார் என்று கிரேன்காரர் நினைத்தார்.

"டப்பா வாங்கித் தந்துடறேங்க."

"டப்பா கெடக்குது விடுங்க." கொத்தனார் கால்சட்டைக்கு மேலே முழங்காலைத் தடவிக் காட்டினார். "இது அங்கதான் இருந்துச்சு. மட்டக்குழாய எடுக்கத் திரும்பினேன்."

பிறகு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

சேஃப்டி நியாயமான மனிதர். மூன்று வாரம் கேபினில் ஏறக் கூடாது. சாமான் அறையில் உட்கார்ந்து இடுப்புப்பட்டையும் தலைக்கவசமும் கொடுத்து வாங்கலாம். என்ன விழுங்குகிறார் என்று தெரிந்தவர்களிடம் காட்டி எழுதி வாங்கி வர வேண்டும். அதன்பின் சோதனை. "நீங்களே சொன்னதாலதான் மூணு வாரம்" என்றார். "நானா கண்டுபிடிச்சிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்."

அன்று சாயங்காலம் முதல்முறையாக மருந்துக்கடைக் கவுண்டர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஒரு பை நிறைய இருந்ததைக் கொட்டினார். போர்வையை மட்டும் கொண்டுவரவில்லை.

அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்ன சார், எதிர்க்கடை போடப்போறீங்களா?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். கிரேன்காரர் நடந்ததைச் சொன்னார். ஒன்றரைக் கணக்கையும் சொன்னார், தொண்ணூற்றாறு வகுத்தல் ஐம்பத்தெட்டு. அம்மாள் சிரிக்கவில்லை. அந்த எறும்பு எழுத்துக் காகிதத்தைப் பிரித்து மேசையில் நீவிவிட்டார்.

"இது உள்ளேயே இருந்துச்சே. இயந்திரம் ஓட்டறவங்க போடக் கூடாதுன்னு இருக்கு. தொடர்ந்து போடக் கூடாதுன்னு இருக்கு. படிக்கலையா?"

"எனக்குத் தூரப் பார்வை நல்லா இருக்கும் மேடம்."

"இது தூரத்துல இல்லையே, கையில இருக்கு." காகிதத்தைத் தட்டினார். "உங்க எடையைக் கேட்டுட்டு இது வேலை செய்யாது சார். உடம்புல எத்தனை நேரம் தங்குதுங்கறதுதான் விஷயம். ஒன்றரை மணிக்குப் போட்டா காலைல ஏழு மணிக்கும் நீங்க பாதி தூக்கத்துலதான். நாலு நாள் போட்டா உடம்பு பழகிக்கும், அப்புறம் தூக்கம் வராது, மந்தம் மட்டும் வரும். குறட்டை விடுவீங்களா? மூச்சு முட்டி எழுந்திருக்கறது உண்டா?"

"தெரியல."

"பக்கத்துல படுக்கறவங்க சொல்லியிருப்பாங்களே."

"பக்கத்துல யாரும் இல்ல."

அம்மாள் ஒரு சீட்டில் ஒரு மருத்துவர் விலாசத்தை எழுதினார். "இந்த உடம்புக்கு அதை முதல்ல பாத்துடணும். மூச்சுப் பிரச்சினையா இருந்தா எந்த மாத்திரையும் பூவும் வேரும் உதவாது." பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார், "எத்தனை மணிக்குப் படுக்கறீங்க?"

"எட்டு."

"எட்டுக்குத் தூக்கம் வருதா?"

"வராது."

"அப்புறம் ஏன் எட்டுக்குப் படுக்கறீங்க?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ஏழேமுக்காலுக்கு போன் முடிஞ்சிடும் மேடம்."

அம்மாள் பேனாவை மூடி, திரும்பத் திறந்தார். குரலைத் தாழ்த்தி, எழுதிக்கொண்டே சொன்னார். காலையில் நாலேமுக்காலுக்கு எழுந்தே ஆக வேண்டும், தூங்கினாலும் தூங்காவிட்டாலும். ராத்திரி பதினொன்றேகாலுக்கு முன்னால் படுக்கையைத் தொடக் கூடாது. படுத்துத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளி அறையில் உட்கார வேண்டும், கடிகாரம் பார்க்கக் கூடாது. பகலில் பன்னிரண்டு மணிக்கு மேல் டீ, காபி கூடாது. பூ டீ பிடித்திருந்தால் குடிக்கலாம், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். நீல மாத்திரை வேண்டாம்.

"மெலடோனின்னு ஒண்ணு சொல்றாங்களே?"

"பொழுது சாஞ்சிடுச்சுன்னு உடம்புக்கு அது ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். ராத்திரி ஷிப்ட் மாறறவங்க, தூர தேசம் போய்ட்டு வர்றவங்களுக்கு ஆகும். உங்களுக்குப் பொழுது சாஞ்சது தெரியாமலா இருக்கு?" சீட்டை நீட்டினார். "முதல் ஒரு வாரம் பகல்ல தூங்கி விழுவீங்க. கிரேன்ல இருந்துக்கிட்டு இதைச் செய்யவே கூடாது. மூணு வாரம் கிடைச்சிருக்கே, சரியாப் போச்சு. பொறுமையா இருங்க, சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும்."

மருத்துவர் ஒரு இரவுக்கு விரலிலும் மூக்கிலும் கருவி மாட்டி அனுப்பினார். மூச்சில் கோளாறு இல்லை. எடையைக் குறைக்கச் சொன்னார். அதை எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள்.

பகல்கள் எப்படியோ போயின. சாமான் அறையில் முதல் வாரம் தலைக்கவசக் குவியலில் சாய்ந்து இரண்டு தடவை தூங்கிவிட்டார். சாரம் கட்டுகிறவன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மேல இருக்கறவரு பூமிக்கு வந்துட்டாருடா, உலகம் இனி தாங்காது" என்றான். கிரேனில் வேறு ஒரு இளைஞன் ஏறியிருந்தான். அவன் சரக்கைச் சுற்றும் விதம் இவருக்குப் பிடிக்கவில்லை. தப்பு ஒன்றும் இல்லை, பிடிக்கவில்லை.

கஷ்டம் ஏழேமுக்காலிலிருந்து பதினொன்றேகால் வரை. மூன்றரை மணி நேரம். தினமும்.

இருபது மாதமாக அந்த நேரத்தில் அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்திருக்கிறார். விளக்கு எரியும்போது இரண்டு அறையும் சமையலறையும் எப்படி இருக்கின்றன என்று இப்போதுதான் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் மூன்று நாற்காலிகளின் மேல் அவர் துணிகள். நாலாவதில் அவர். முதல் நாள் துணிகளை மடித்து வைத்தார், நாற்காலிகள் காலியாகத் தெரிந்தன, திரும்ப ஒரு சட்டையைப் போட்டு வைத்தார். குழாயில் சொட்டுவதைச் சரிசெய்தார். இரண்டாம் நாள் பஸ் போகும் வழியில் கடைசி நிறுத்தம் வரை நடந்து திரும்பினார். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் கதவுக்கு எண்ணெய் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர்கள் கொஞ்சம் பயந்துபோய் வேண்டாம் என்றார்கள். சமையலறை ஜன்னலில் தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. அவருடைய கிரேனின் உச்சி விளக்குதான். இத்தனை நாள் அது அங்கிருந்து தெரியும் என்றே அவருக்குத் தெரியாது. நின்று பார்த்தார். பார்த்து முடித்தும் மணி எட்டு ஐம்பதுதான்.

ஒன்பதாம் நாள் ஏழரைக்கு மனைவியின் போன் வந்தது. வழக்கமான கூச்சல்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. இந்தா, ராத்திரி பத்தரைக்குக் கூப்பிடேன்."

"பத்தரைக்கா? உங்களுக்கு அது நடுச்சாமமாச்சே!"

"இப்ப இல்ல."

பத்தரைக்கு வந்தது. ஸ்பீக்கர் இல்லை, பேரன் இல்லை. மனைவி துணி உலர்த்தும் பால்கனியில் நின்று தணிந்த குரலில் பேசினார். அந்தக் குரலை அவர் இருபது மாதமாகக் கேட்டிருக்கவில்லை. படிக்கட்டு, டப்பா, முழங்கால், ஒன்றரை மாத்திரை, சாமான் அறை எல்லாவற்றையும் சொன்னார்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"ஸ்பீக்கர்ல எப்படிச் சொல்றது?"

"உங்களுக்குத் தூக்கம் வரலைன்னதும் நான் பாலக் குடிங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டேன்" என்றார் மனைவி.

"நீ தூங்குறியா?"

"நான் எங்க? தலைய சாச்சா கல்லு மாதிரி. இதுங்க ரெண்டும் பகல் பூரா பிழிஞ்சு எடுத்துடுதுங்க."

அவருக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்க நினைத்தார். கேட்டால் ஒரு தேதி சொல்வார், அந்தத் தேதி தள்ளிப்போகும், கேட்கவில்லை. மறுநாளும் பத்தரைக்கு வந்தது. நான்காவது நாள் மனைவி படுத்துக்கொண்டே பேசினார். பேரனின் பல்லைப் பற்றிய வாக்கியம் ஒன்று நடுவில் அறுந்தது. "கேக்குதா?" என்றார் இவர். மூச்சுச் சத்தம் வந்தது, பிறகு மெல்லிய குறட்டை. இவர் போனை வைக்கவில்லை. மேசைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்து, பதினொன்றேகால் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஐந்தேகால் மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினார். அம்மாள் பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்க அனுமதி கொடுத்தார், ஏதோ சம்பள உயர்வு கொடுப்பதுபோல. சோதனையில் விளக்கு எரிந்ததும் பட்டனைத் தட்டும் பரீட்சை, ரத்த அழுத்தம், கண். தேறினார். படிக்கும் கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். அதற்காகக் கேபினை யாரும் பிடுங்கவில்லை.

திரும்பப் போன முதல் நாள் நாற்காலியை அந்த இளைஞன் முன்னால் இழுத்து வைத்திருந்தான். அதைத் தள்ளிச் சரிசெய்வதற்கே ஐந்து நிமிடம். வேலை தொடங்கும் முன் தினமும் வாக்கியில் ஒரு சரிபார்ப்பு நடக்கும். சிக்னல் பெண் கீழிருந்து கேட்பாள், இவர் மேலிருந்து சொல்வார், அவள் தாளில் குறிப்பாள்.

"காத்து?"

"மூணு."

"பிரேக்?"

"சரி."

இப்படிப் பதினான்கு கேள்விகள், பதினான்கும் மெஷினைப் பற்றி. முடிந்தது என்று இவர் கையைக் கட்டுப்பாட்டுக் கம்பியில் வைத்தார்.

"தூக்கம்?"

"என்னது?"

"பதினஞ்சாவது. நான் கையால எழுதிச் சேத்திருக்கேன். சேஃப்டி கையெழுத்துப் போட்டாச்சு. தூக்கம்?"

"அஞ்சரை."

"குறைஞ்சது அஞ்சு. சரி. ஏத்து."

பன்னிரண்டு நாள் அந்தக் கேள்விக்கு அஞ்சேகால், அஞ்சரை, ஒரு நாள் அஞ்சேமுக்கால் என்றுகூடப் பதில் போனது. சாரத்தில் இருந்தவன் "மேல இருக்கறவரு தூங்கிட்டாரு, இனி மழை பெய்யும்" என்றான்.

பதிமூன்றாம் நாளுக்கு முந்தைய இரவு பத்தரைக்கு போன் வரவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் என்று ஒரு வரிச் செய்தி. அவர் சரி என்று பதில் போட்டு, பதினொன்றுக்குப் படுத்து, எழுந்து, உட்கார்ந்து, படுத்தார். அலமாரியில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அம்மாளிடமே கொடுத்திருந்தார். நாலேமுக்காலுக்கு எழுந்தார். கால்கள் பழக்கத்தில் ஏணியேறின.

"காத்து?"

"ரெண்டு."

பிரேக், கொக்கி, கம்பிவடம், விளக்கு, எல்லாம் சரி. பதினான்கு முடிந்தது.

"தூக்கம்?"

பொழுது வெளுத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாவது மாடியில் கொத்தனார் புது டப்பாவை ஒரு மூலையில், சுவரை ஒட்டி, மிகவும் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அஞ்சு என்று சொன்னால் அஞ்சுதான். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று யார் எண்ணினார்கள்?

"தூக்கம்?" என்றாள் மறுபடியும்.

"மூணு" என்றார். "மூணுகூட இருக்காது."

இன்று காலை ஆறு சரக்கு தூக்க வேண்டும், அது இருவருக்கும் தெரியும்.

"இறங்கி வாங்க அண்ணே" என்றாள்.

வாக்கியில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சுழல் பிரேக்கைத் தளர்த்தினார். கிரேனின் கை லேசாகத் திரும்பத் தொடங்கியது. இருநூற்றாறு படிகளையும் எண்ணிக்கொண்டே இறங்கினார். கீழே வந்தபோது அவள் தாளை முழங்காலில் வைத்துப் பதினைந்தாவது வரியை அடித்து, மேலே, காற்றுக்கும் முன்னால், அதையே எழுதிக்கொண்டிருந்தாள்.

"கடைசியில கேட்டது என் தப்பு. நாளைலேந்து ஏணிக்குக் கீழயே இதுதான் முதல் கேள்வி. சும்மா ஏத்தி இறக்கிட்டேன்."

"அந்தப் பையனக் கூப்பிட்டாச்சா?"

"வந்துட்டிருக்கான். வேலை அரை நாள் லேட்டாகும், சேஃப்டிக்குச் சொல்லிட்டேன்." பக்கத்தில் இருந்த குடுவையைத் திறந்தாள். "டீ குடிப்பீங்களா?"

அவர் மணியைப் பார்த்தார். ஆறு இருபத்தைந்து.

"பன்னெண்டுக்கு முன்னாடிதானே" என்று குவளையை வாங்கிக்கொண்டு, முதல் படியில் உட்கார்ந்தார்.